பசிக்காமல் சாப்பிடுகிறவர்கள்

குடியை நிறுத்தச் சொல்லிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பொறாமைதான்: போத்தலைத் தூக்கிப் போடு என்று அவர்கள் சொல்லிவிடலாம், சோற்றுத் தட்டைத் தூக்கிப் போடு என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, கடைசிச் சில வருடங்கள் கவுன்சலிங் பிரிவில் உட்கார்ந்து, ஓய்வு பெற்று வெளியே வந்தவள் நான். இப்போது சனிக்கிழமை காலைகளில் ஈப்போ புந்தோங்கில் ஒரு பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருப்பேன். தின்பதை நிறுத்த முடியாதவர்கள் வந்து உட்கார்ந்து, அந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பார்கள். யாரும் யாரையும் திட்டக்கூடாது, இங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பதைத் தவிர வேறு சட்டம் கிடையாது. அதனால் இதில் வருகிற பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், கேட்க முடியாமல் போன ஒருவருக்காக அவர் மனைவியிடம் கேட்டேன்.

நானும் அந்த வட்டத்தில் உட்கார வேண்டியவள்தான். வேலை முடிந்து, கார் நிறுத்துகிற இடத்திலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தின்றுவிட்டு, பிறகு வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடும் சாப்பிட்டவள். கோலாலம்பூரில் இப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் அழுதார்கள். எனக்குத் தமிழில்தான் அழ வரும். திரும்பி வந்து இதை ஆரம்பித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் அலமாரிக் கதவைச் சத்தம் வராமல் திறக்கத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வடையும் தேத்தண்ணியும்

மண்டபத்தைக் கேட்டு ஊர்க் கமிட்டித் தலைவரிடம் போனபோது அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். முதல் சனிக்கிழமை கதவைத் திறந்தால் உள்ளே நீள மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. துணிக்கு மேல் உளுந்து வடை, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப், பொரித்த வாழைப்பழம், பெரிய பானையில் பால் விட்ட தே. போதாததற்கு, புந்தோங்குக்கே உரிய கச்சாங் பூத்தே, அதாவது கடலை வகைகள், ஒரு தட்டு நிறைய. வாசலில் தலைவர் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

வந்தவர்களின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த அறைக்கு வருவதற்கு எத்தனையோ நாள் மனசைத் தேற்றிக்கொண்டு வந்தவர்கள். வாசலில் ஒரு பெண் மேசையைப் பார்த்ததும் அப்படியே திரும்பி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். நான் தலைவரை ஓரமாக அழைத்து, இது எதற்கான கூட்டம் என்று மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, உண்மையாகவே மனம் நொந்துபோய்ச் சொன்னார்:

"சாப்பாட்டைப் பத்திப் பேசவே இவ்ளோ பேரு வந்திருக்காங்க, வெறும் வாயோட அனுப்பினா நம்ம கம்போங்குக்கு அசிங்கம் லா மிஸ்ஸி."

தட்டில் மிச்சம்

ஈப்போவில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. ஹமீது பாய் மட்டும் ரொம்ப நாளைக்கு என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். கடை மீன் தலைக் கறிக்குப் பேர் போனது. மண்டபத்துக்குப் பின்பக்கக் கதவு வழியாகத்தான் வருவார். வாடிக்கையாளர் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். வட்டத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் முறை வந்தால் "பாஸ்" என்று சொல்லிவிடுவார். அப்படியே பல சனிக்கிழமைகள் போயின.

ஒரு நாள் "பாஸ்" சொல்லவில்லை, பேச ஆரம்பித்தார். கடையில் பத்து வகைக் கறி கொதிக்கிறது, யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை, வேண்டியதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் அவருக்கு அது வேண்டியதில்லை. வாடிக்கையாளர்கள் எழுந்து போன மேசைகளை அவரே துடைக்கப் போவார். வேலைக்காரப் பையன்கள், "முதலாளி எவ்வளவு நல்லவர், அவரே மேசை துடைக்கிறார்" என்று பெருமையாகச் சொல்வார்களாம். தட்டுகளை அடுக்கிக்கொண்டு போய், கழுவுகிற இடத்துக்கு முன்னால் இருக்கிற சந்தில் நின்று, அவற்றில் கிடப்பதைத் தின்பார். கடித்து வைத்த கோழி, பிசைந்து வைத்த சோறு. யாரென்றே தெரியாதவர்களின் மிச்சம்.

சொல்லி முடித்ததும் அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பாய், பானையில் இருக்கிறதையே சாப்பிட்டிருக்கலாமே என்று யாரோ தணிந்த குரலில் கேட்டார்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"பானையில இருக்கிறதத் தின்னா நான் முதலாளி. தட்டுல கிடக்கிறதத் தின்னும்போது நான் யாருன்னு எனக்கே தெரியல மிஸ்ஸி."

பீடோர் லாரி

குமரேசன் அண்ணன் பீடோரில் இருந்து வருவார். செம்பனைக் குலை, அதாவது எண்ணெய்ப் பனைக் குலை, ஏற்றுகிற லாரி ஓட்டினார். அவர் பிறந்தது அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. "நான் பொறந்த வீட்டு மேலயே லாரிய ஓட்டிட்டுப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நிறையப் பிள்ளைகள் இருந்த வீடு. வேகமாகச் சாப்பிட்டவனுக்குத்தான் இரண்டாவது அகப்பை. அந்த வேகம் கடைசி வரை அவரை விடவில்லை.

எங்கள் வட்டத்தின் உயிரே அவர்தான். இந்த வாரம் எப்படி வாயைக் கட்டினேன், எந்தக் கடையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன் (லாரி ஓட்டுகிறவர் கண்ணை மூடலாமா என்று யாராவது கேட்பார்கள், ஒரே சிரிப்பு) என்று கதை கதையாகச் சொல்வார். முடித்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவரைப் பார்த்துத்தான் நம்பிக்கையே பிறக்கும்.

ஒரு தடவை வேறு வேலையாகப் பீடோரைத் தாண்டிப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். பீடோருக்கு வெளியே லாரிகள் ஒதுங்குகிற இடத்தில் தண்ணீர் வாங்க நிறுத்தினேன். பக்கத்து லாரியின் முன் இருக்கையில் குமரேசன் அண்ணன். மடியில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள், பிரித்ததும் பிரிக்காததும். அவர் ருசித்துச் சாப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, யாரோ பிடுங்க வருகிற மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார். காரச் சம்பால் சட்டையில் ஒழுகியிருந்தது. கண்ணைத் திறந்தபோது நேரே என்னைப் பார்த்தார். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தார். வாரம் முழுக்க நல்லபடியாக இருந்ததாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். வெளியில் நடந்ததை உள்ளே போட்டு உடைப்பது என் வேலையில்லை, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்து மோட்டாரை ஸ்டார்ட் பண்ணப் போனவர், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"உண்மையச் சொன்னா அவங்க கைதட்ட மாட்டாங்களே மிஸ்ஸி."

பிளாஸ்டிக் சோறு

சுகாதார இலாகாவில் இருந்து ஒரு பெண் அதிகாரியை அனுப்பிவைத்தார்கள். சின்ன வயது, தமிழ்ப் பிள்ளை, இஸ்திரி போட்ட சீருடை. ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் உணவு கொண்டுவந்திருந்தாள். பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் கோழித் தொடை, பிளாஸ்டிக் பப்பாளி. தட்டில் கால் பாகம் இது, கால் பாகம் அது, மீதி காய்கறி என்று அழகாக அடுக்கிக் காட்டினாள். எங்கள் ஆட்கள் கோழித் தொடையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். குமரேசன் அண்ணன் அதை முகர்ந்துகூடப் பார்த்தார். அந்தப் பெண் கோபப்படவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு நான் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியை மூடாமல் அங்கேயே நின்றாள். பிளாஸ்டிக் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க வர்றவங்க எல்லாரும் குண்டாத்தான் இருக்கணுமா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் நான் மடித்த நாற்காலிகளில் இரண்டைத் திரும்ப விரித்தேன். அவள் உட்காரவில்லை. அடுத்த சனிக்கிழமை வா, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றேன். சரி என்றாள். வரவில்லை. பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்குப் போகும்போது சீருடையின் இடுப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டே அவள் சொன்னது:

"தின்னதெல்லாம் கக்கிருவேன் மிஸ்ஸி, அதான் எனக்கு யூனிஃபார்ம் கரெக்டா இருக்கு."

கல்யாண வீட்டில்

செமோரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் இந்தக் கூட்டம் நடத்துகிறது ஊர் முழுக்கத் தெரியும். அதனால் நான் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசை எல்லாம் என் தட்டைத்தான் பார்க்கும். கொஞ்சமாகப் போட்டுக்கொண்டால், "பாரு, நடிக்கிறா." கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டால், "பாரு, இவதான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறா." அன்றைக்கு நான் போட்டுக்கொண்டது எனக்குச் சரியான அளவு. அந்த அளவைக் கண்டுபிடிக்க எனக்குப் பாதி ஆயுள் ஆனது. என் சித்தப்பா மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, பாசமாகத்தான் கேட்டாள்:

"ஒங்க ஒடம்பே கொறையலையே அக்கா, ஒங்ககிட்ட வந்து யாரு கொறையப் போறா?"

கோழி

லோகா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண். முப்பது வயது இருக்கும். செமோரில் வீடு. வட்டத்தில் உட்கார்ந்தால் எப்போதும் மற்றவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றிக் கேட்டால், "எனக்குக் கோழிதான் மிஸ்ஸி, பொரிச்ச கோழியப் பார்த்தா நிறுத்த முடியல" என்பாள். அவ்வளவுதான். எப்போது சாப்பிடுவாய், அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். கைப்பேசியிலும் பிடிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவள் கணவன். "வாங்க மிஸ்ஸி, உக்காருங்க, என்னா குடிக்கிறீங்க?" என்று அவ்வளவு மரியாதை. மேசைமேல் ஒரு பெரிய காகித வாளி, அதில் பொரித்த கோழி. இப்போதுதான் வாங்கிக்கொண்டு வந்தானாம். லோகா உள்ளே இருந்து வந்தாள். நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். ஒரு பக்கத்து உதடு தடித்திருந்தது. அவன் ஒரு துண்டை எடுத்து, எலும்பை நீக்கி, ஊதி ஆறவைத்து அவள் தட்டில் வைத்தான். "சாப்பிடு சாயாங்," என்று செல்லமாகச் சொன்னான். அவள் சாப்பிட்டாள். இன்னொன்று வைத்தான். அதையும் சாப்பிட்டாள். நான் அங்கே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியனுப்ப அவள் மட்டும் வேலி வரை வந்தாள். போலீசில் ஒரு ரிப்போர்ட் போதும், நான் கூட வருகிறேன், தங்குவதற்கு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்:

"அந்தக் கோழியத் திங்கும்போது மட்டுந்தான் மிஸ்ஸி அவரு என்கிட்ட அன்பா இருக்காரு."

வார்டு

குமரேசன் அண்ணனுக்கு இனிப்பு நீர் பல வருடமாக இருந்தது. பாதத்தில் ஒரு கொப்புளம் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பூட்சைப் போட்டு மறைத்துக்கொண்டு லாரி ஓட்டினார். நாற்றம் வந்த பிறகுதான் அவர் மனைவி செல்வி கண்டுபிடித்தாள். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நேரம் கடந்துவிட்டது. முட்டிக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது செல்வி கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்ஸ் கஞ்சியும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்திருக்கிறேன். படுக்கையைச் சரிசெய்ய வந்த தாதி தலையணையைத் தூக்கினாள். கீழே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். லாரிக்காரச் சிநேகிதர்கள் பாசத்தில் கொண்டுவந்து கொடுத்தது. செல்வி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். "வீட்ல சீனி டின்னுக்குக்கூட பூட்டு போட்டேன் மிஸ்ஸி," என்றாள், "ரோட்டுக்குப் பூட்டு போட முடியலையே." அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பழங்கள் படம்.

உள்ளே திரும்பி வந்தேன். குமரேசன் அண்ணன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வட்டத்தில் கதை சொல்கிற அதே சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

"காலத்தான் வெட்டினாங்க மிஸ்ஸி, வாய விட்டுட்டாங்களே."

படிக்கட்டு

அவர் திரும்பக் கூட்டத்துக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். செல்வியின் தம்பி காரில் கொண்டுவந்து இறக்கினான். ஆனால் மண்டபத்துக்கு ஏறப் படிக்கட்டுதான் உண்டு, சக்கர நாற்காலிக்கு வழி கிடையாது. யார் தூக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹமீது பாய் இறங்கி வந்தார். வழக்கமான பின்பக்கக் கதவால் இல்லை, ரோட்டைப் பார்த்த முன்வாசல் வழியாக. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குமரேசன் அண்ணனைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். இரண்டு பேருமே கனத்த உடம்பு. மூச்சு வாங்க வாங்க மேலே கொண்டுபோய் உட்காரவைத்தார்.

அன்றைக்குக் குமரேசன் அண்ணன் கதை சொல்லவில்லை. இதுவரைக்கும் சொன்னதில் பெரும்பாலும் பொய் என்று சொன்னார். பீடோர் ரோட்டில் நான் பார்த்ததைச் சொன்னார், நான் பார்க்காததையும் சொன்னார். அவரைப் பார்த்து நம்பிக்கை வைத்திருந்த ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொருவராக அவரவர் பொய்யைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தக் கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து அன்றைக்குத்தான் இது நிஜமாகவே நடந்தது என்று எனக்குத் தோன்றியது.

அந்த உற்சாகத்தில் கமிட்டித் தலைவரிடம் போனேன். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை கட்டிக் கொடுங்கள், கொஞ்சம் சிமெண்ட் போதும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, நீளமாக யோசித்தார். மண்டபத்துக்குப் புதுசாகக் கட்டிய முகப்பு வளைவையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஒரே ஒருத்தருக்காக எப்படி மிஸ்ஸி மேல கேக்கிறது? இன்னும் நாலு பேருக்குக் காலு போகட்டும், மனு போட்டுப் பார்ப்போம்."

அக்கா வீடு

லோகாவைக் கொஞ்சமும் எதிர்பாராமல் புந்தோங் சந்தையில் பார்த்தேன். கீரைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அரைக்கைச் சட்டை. ஒரு நாள் வேலைக்குப் போன பஸ்ஸில் இருந்து இறங்கவே இல்லையாம், அப்படியே கடைசி நிறுத்தம் வரை வந்து அக்கா வீட்டுக்கு நடந்துவிட்டாளாம். ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டாள். இதில் என் பங்கு என்று எதுவுமில்லை, எந்த நாளில் எதனால் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நான் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கோழி எப்படி என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அது நின்றுவிட்டது என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. கீரைக்காரியிடம் பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"இப்ப யாரும் எனக்குன்னு எதையும் வாங்கிட்டு வர்றதில்ல மிஸ்ஸி."

படையல்

குமரேசன் அண்ணன் அதற்குப் பிறகு சில மாதங்கள்தான் இருந்தார். அந்த மாதங்களில் உண்மையாகவே அடங்கிவிட்டார். செல்வி போட்டதைச் சாப்பிட்டார், போதும் என்று அவராகவே தட்டைத் தள்ளிவைத்தார். சனிக்கிழமைகளில் ஹமீது பாய் அவரைத் தூக்கி ஏற்றினார், தூக்கி இறக்கினார். ஒரு காலைப்பொழுது குளித்துவிட்டு வந்து, திருநீறு பூசிக்கொண்டு, நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. பழைய கணக்கையெல்லாம் இதயம் முன்பே எழுதி வைத்திருந்தது.

கருமாதிக்குக் கூட்டத்தில் இருந்து நாங்கள் எல்லாரும் பீடோருக்குப் போனோம். லோகாவும் வந்திருந்தாள். முன் கூடத்தில் மாலை போட்ட படம். லாரிக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டது. படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுச் செல்வி படையல் வைத்துக்கொண்டிருந்தாள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது வழக்கம்தானே. நாசி லெமாக் வைத்தாள். பொரித்த கோழி வைத்தாள். முறுக்கு, லட்டு, மீ கோரேங் நூடுல்ஸ், முகர்ந்தாலே தித்திக்கிற தே. ஹமீது பாய் தன் கையாலேயே ஆட்டுக்கறி சமைத்துத் தூக்கில் கொண்டுவந்திருந்தார். உப்புகூடப் பார்க்கவில்லை, சரியாக இருக்குமா தெரியவில்லை என்று என் காதோரம் சொன்னார். செல்வி அதை வாங்கி இலையின் நடுவில் ஊற்றினாள். ஓரம் வழியாகக் குழம்பு ஓடியது, அவள் துடைக்கவில்லை. எந்த எந்தச் சாமான் அவர் கையில் சிக்கிவிடக்கூடாது என்று வருடக்கணக்காகப் பூட்டி வைத்தாளோ, அதெல்லாம் அந்த இலையில் இருந்தது.

எங்கள் ஆட்கள் ஒருவரும் இலையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். நான் செல்வியின் பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன். இவ்வளவு வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், நல்லவேளை கேட்கவில்லை. அவள் கற்பூரத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, படத்தில் இருந்த அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"உசுரோட இருந்தப்ப ஒளிச்சு ஒளிச்சுத்தான் தின்னாரு மிஸ்ஸி. இன்னிக்காவது எல்லாரு முன்னாலயும் நிமிந்து உக்காந்து சாப்பிடட்டும்."

எங்கள் வேலையில், ஒருவர் இனிமேல் ஒரு கவளம்கூட அதிகமாகத் தின்னமாட்டார் என்று நெஞ்சில் கைவைத்து உறுதி சொல்லக்கூடிய ஒரே நாள், அவருக்கு இலை நிறையப் பரிமாறிவிட்டு நாம் கைகட்டி நிற்கிற நாள்தான்.